கம்பம் பிடுங்கும் ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஊரை வைத்திருந்தார். கோடு போட்ட நோட்டு ஒன்றுக்குள் அந்த ஊர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திறக்கும், ஆறு மணிக்கு மூடும். நடுவில் இரண்டு தடவை டீ போடுவது என் பொறுப்பு. அதனால் அந்த ஊர் மேல் ஆரம்பத்தில் எனக்கு நல்ல எண்ணம் கிடையாது.

அது ஒரு விளையாட்டு என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எனக்கே ஒரு வருடம் புரியவில்லை. மேசையைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் கதை சொல்வார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். “முன்னால ஒரு கதவு இருக்கு” என்று கதை சொல்பவர் சொன்னால், திறப்பதா ஓடுவதா என்று இவர்கள் சொல்ல வேண்டும். காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. அவ்வளவுதான். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. இதற்காக ஏழு கழுதை வயதானவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார்கள்.

கதை சொல்கிறவர் என் கணவர். திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வாத்தியார். ஊர் ஆத்தூர்ப் பக்கம். நான் இந்தப் பக்கத்துக்காரி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. “குத்தறதுதானே உன் தொழில்” என்று என் பேச்சைப் பற்றிச் சொல்லுவார். விளையாட வருகிறவர்கள் மூவர். போர்வெல் போடும் ரிக் லாரி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர். என்னை அக்கா என்பார். ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பள்ளி ஆசிரியர் ஒருவர். என் கணவரை அண்ணா என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். மூன்றாவது என் கணவரின் பழைய மாணவி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள்; அவளுக்கு இவர் சார், நான் அக்கா. “சாருக்குப் பொண்டாட்டி எப்படிம்மா அக்கா ஆவா, முறையே உதைக்குதே” என்று கேலி செய்துகொண்டேதான் டீ கொடுப்பேன்.

ஒரு சமயம் என் கணவர் வெளிநாட்டுக் கதை ஒன்றைப் பிரிண்ட் எடுத்து வந்தார். கிராமத்துத் திருவிழாவை வைத்துப் பயமுறுத்தும் கதை. வழி தவறிய மூன்று பேர் ஒரு குக்கிராமத்துக்கு வருகிறார்கள். அன்று அங்கே திருவிழா. ஊரே சிரித்த முகமாக இருக்கிறது. வந்தவர்களுக்குப் பூ வைத்து விருந்து போடுகிறார்கள். கடைசியில் வந்தவர்களையே பலி கொடுத்துவிடுவார்கள். விருந்துக்குக் கூப்பிடும்போதே விளையாடுகிறவர்கள் பயந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு.

யாரும் பயப்படவில்லை.

“நோம்பிக்கு வந்தவங்களச் சாப்பிடச் சொல்லாம வேற என்னங்க சொல்லுவாங்க?” என்றார் ரிக் ஆபீஸ்காரர். இந்தப் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம்.

“கோயில் முன்னால ஒரு கெடாவை வெட்டறாங்க” என்றார் என் கணவர், குரலைத் தாழ்த்தி.

“கறி எத்தன மணிக்குங்க ஆகும்?”

மாணவி கதையில் வரும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் நீங்கள் எந்த ஊட்டு ஆளுங்க என்று விசாரித்து, ஓமலூர் வழியாக ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிட்டாள். ராசிபுரத்து ஆசிரியர் இரண்டாம் தடவை ரசம் கேட்டார். பலியாக வேண்டிய மூன்று பேரும் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பொங்கச் சோத்தக் காட்டி எங்க ஆளுங்கள எதுக்குங்க பயமுறுத்தறீங்க?” என்று சமையலறைக் கதவிலிருந்து சொன்னேன். “கம்பம் நட்டுட்டா ஒருத்தரும் எல்லையத் தாண்டி வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. அதச் சொல்லுங்க, பயப்படுவாங்க.”

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “என்ன சொன்ன? மறுபடி சொல்லு.”

அப்படித்தான் அந்த நோட்டு ஆரம்பித்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அதுதான் ஆத்தாவின் புருஷன். பதினைந்து நாளும் காலையில் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடம் குடமாக அதன் மேல் ஊற்றுவார்கள். சாயங்காலம் ஆண்கள் பறைக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். கம்பம் நிற்கிற வரைக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, மண்ணில் புதுக் குழி தோண்டக் கூடாது. நான் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னேன். அவர் கண்ணை அகட்டிக்கொண்டு எழுதினார்.

மூன்று வாரத்தில் கதை தயாராகிவிட்டது. போர்வெல் போட ஒரு ஊருக்கு ரிக் லாரியில் மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் எல்லைக்குள் நுழைந்த மறு நிமிடம் கம்பம் நடப்படுகிறது. இனிக் குழி தோண்டவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் கோயில் முன்னாலேயே வந்து நிற்கும். கம்பத்தைப் பிடுங்கினால்தான் விடுதலை. இந்தத் தடவை மூவரும் உண்மையிலேயே பயந்தார்கள். ஒரு ஞாயிறு கிளம்பும்போது, “ஊட்டுக்குப் போற வழி மறந்துருமாட்ட இருக்குதுங்க்கா” என்றார் ரிக் ஆபீஸ்காரர். வருடம் முழுக்க ரிக் வண்டிகளை நாடு பூராவும் அனுப்புகிற மனுஷர்.

என் கணவருக்கு விஷயம் தீர்ந்துபோகும்போதெல்லாம் நோட்டோடு சமையலறைக்கு வந்துவிடுவார். நான் மாவு ஆட்டிக்கொண்டிருப்பேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்பார்.

“வெளியூர்ல தங்கிட்டா என்னா ஆவும்?”

“அம்மை வருமுங்க.”

“தாளிச்சிட்டா என்னா ஆவும்?”

“அதுக்கும் அம்மைதானுங்க. ஆத்தாகிட்ட வேறென்ன இருக்குது?”

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. சாவி எங்கே, கேஸ் சொல்லியாச்சா, மகள் விடுதியிலிருந்து பேசினாளா, இவைதான் எங்கள் பேச்சு. இப்போது ஒரு மனுஷன் என் வாயைப் பார்த்துக்கொண்டு அடுப்பருகே நின்றான். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகச் சொன்னேன். கடைசி நாளை, கம்பம் பிடுங்கும் நாளை, சொல்லவே இல்லை. சொல்லிவிட்டால் நோட்டு முடிந்துவிடும். நோட்டு முடிந்துவிட்டால் கிரைண்டருக்குப் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள்?

“கடைசி நாள் மட்டும் சொல்லிடேன், அம்மிணி” என்பார். அம்மிணி என்ற வார்த்தையை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். கேலிக்கு ஆரம்பித்து, பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

“அது அடுத்த வாரங்க.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன.”

“அப்படின்னா அதுக்கும் அடுத்த வாரங்க.”

ஒரு வியாழக்கிழமை கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

முதல் இரண்டு மாதம் எனக்கு அவர் மேல் கோபம்தான். இப்படியா ஒருவர் பேச்சின் நடுவில் எழுந்து போவார்? பிறகு கோபம் என் மேலேயே திரும்பியது. ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கேட்டுக் கேட்டு அலுத்து, தெரியாமலேயே போய்விட்டார்.

பங்குனியில் எங்கள் ஊர் நோம்பிக்கு அண்ணன் வந்து கூப்பிட்டார். போனேன். காலையில் அண்ணி இரண்டு குடம் எடுத்துக்கொண்டு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பினார். “உனக்கும் சேத்து நானே ஊத்திட்டு வாரேன், சாமி” என்று செல்லமாகச் சொன்னார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அன்பாகச் சொல்கிறவரிடம் என்ன செய்ய முடியும்?

கம்பம் பிடுங்கிய மறுநாள் மஞ்சள் நீராட்டு. ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவார்கள். அதிலும் யார் வேண்டுமானாலும் யார் மேலும் ஊற்ற முடியாது, முறை உள்ளவர்கள்தான். மச்சினன், கொழுந்தன், மாமன் மகள், அத்தை மகன். நான் வாசலில் நின்றிருந்தேன். என் மாமன் மகன் குண்டாவோடு ஓடி வந்தான். இருபது வருடம் என்னைத் துரத்தித் துரத்தி ஊற்றியவன், கிழடாகியும் விடாதவன். என்னைப் பார்த்ததும் கரண்ட் கம்பத்தைச் சுற்றிப் போவது மாதிரி ஒரு முழம் ஒதுங்கிப் போனான். போகும்போது தலையைக் குனிந்துகொண்டான். என் சேலையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

பதினைந்து வயதில் நானும் இப்படி ஓடியிருக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த ஒரு வெள்ளைச்சேலைப் பெரியம்மாவைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன். அவர் என்ன நினைத்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆடி மாதம் ராசிபுரத்து ஆசிரியர் போன் செய்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, “அண்ணி, அந்த நோட்டு இருக்குதுங்களா?” என்றார்.

“இருக்குது. ஏனுங்க?”

“இல்லீங்க. நாங்க மூணு பேரும் இன்னும் அந்த ஊருக்குள்ளயே நிக்கறமுங்க.”

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் என் கணவருடைய சட்டம்: உருட்டினது உருட்டினதுதான். விழுந்த எண்ணை மாற்றக் கூடாது, இரண்டாம் தடவை உருட்டக் கூடாது. இதில் மட்டும் மனுஷர் இரும்பு. ஒரு தடவை மாணவி அழாத குறையாகக் கெஞ்சியும் கேட்கவில்லை.

பக்கங்களைப் புரட்டினேன். நான் சொன்னதெல்லாம் இருந்தது. நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவராகச் சேர்த்தது. நட்ட கம்பம் மூன்றாம் நாள் ஒரு இலை விடுகிறது. ஐந்தாம் நாள் இன்னொன்று. வெட்டிய மரம் துளிர்ப்பதை முதலில் அதிசயமாகப் பார்த்த ஊர்க்காரர்கள் பிறகு அதை நிமிர்ந்து பார்க்கவே பயப்படுகிறார்கள். எழுத்து முடிந்த பக்கத்தில் இப்படி இருந்தது: “கம்பத்துக்கு உயிர் வந்துவிட்டது. இனி எப்படிப் பிடுங்குவார்கள்? கடைசி நாள் — அம்மிணியைக் கேட்கணும்.”

அதற்குப் பிறகு வெறும் கோடுதான்.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு மூவரையும் வரச் சொன்னேன். டீயை முன்கூட்டியே போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டேன். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்காரும்போது மூவரும் எழுந்து நின்றார்கள். “அட, உக்காருங்க. கல்லூரிச் சேர்மனா வந்திருக்கறேன்?” என்று அதட்டினேன். அப்படி அதட்டியிராவிட்டால் அழுதிருப்பேன்.

“கடைசி நாள் சாயங்காலம்” என்று ஆரம்பித்தேன். “ஊரே கோயில் முன்னால கூடியிருக்குது. பூசாரி உங்க மூணு பேரையும் கூப்பிடறார். கம்பத்த நீங்கதான் பிடுங்கோணும்னு சொல்றார். பிடுங்கினா எல்லை தொறக்கும். வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்குப் போலாம். என்ன பண்றீங்க?”

எட்டு மாதமாக வெளியே போகத் தவித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

“வண்டிக் கம்ப்ரஸர்ல ஏதோ சத்தம் வருதுங்க்கா. அத என்னன்னு பாத்துட்டு வாரேன்” என்றார் ரிக் ஆபீஸ்காரர்.

“நாங்க இங்கயே இருந்துக்கறமே” என்றாள் மாணவி. “ஊரு நல்லாத்தான இருக்குது?”

ராசிபுரத்து ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். “எங்க ஊர்ல கம்பம் வருசம் பூராவும் நிக்குமுங்க, அண்ணி. பழசப் பிடுங்கின கையோட புதுச நட்டுருவாங்க. அங்க ஆத்தா எப்பவுமே சுமங்கலிதான். இங்கயும் அப்படியே வெச்சுக்கலாமுங்களே?”

ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கம்பம் நிற்கட்டும். இலை விடட்டும். நோட்டில் பாதிக்கு மேல் தாள் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இவர்கள் வருவார்கள், அந்த ஊரில் விடிந்துகொண்டே இருக்கும், நானும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றே ஓட்டிவிடலாம். அவர் கேட்டுக்கொண்டே நிற்பார். ஆனால் பழசைப் பிடுங்கின கையோடு புதிது என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. எனக்குப் புதிது வேண்டாம். எனக்கு அந்தப் பழைய கம்பம்தான் வேண்டும். அது இல்லை.

“அவர் கேட்டது எங்க ஊர்க் கம்பம்” என்றேன். “ராசிபுரத்துக் கம்பத்த அவர் கேக்கல.” என் குரல் ஏறிவிட்டது. “எனக்காகத்தான இப்படிச் சுத்திச் சுத்தி வாரீங்க? நோம்பியில என் மாமன் மகன் என்னச் சுத்திக்கிட்டுப் போனான். நீங்களும் எம்பட ஊட்டுலயே உக்காந்துட்டு அதையேதான் பண்றீங்க. அவர் எத்தன தடவ கேட்டார் தெரியுமா? நாந்தான் சொல்லாம வெச்சிருந்தேன். இன்னிக்குச் சொல்லப்போறேன். கேக்கறதுன்னா கேளுங்க, இல்லீனா டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

யாரும் கிளம்பவில்லை.

சொன்னேன். பதினைந்து நாள் ஓயாமல் அடித்த பறை அன்று ஒரு நொடியில் நிற்கும். கருவறைக்குத் திரை போட்டுவிடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பூசாரி ஆத்தாவின் பூவை எடுப்பார், குங்குமத்தை அழிப்பார். பார்க்க முடியாது. ஆனால் வளையல் உடைகிற சத்தம் மட்டும் வெளியே கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் காத்திருப்போம், அது முடிந்தால் மறுநாள் மஞ்சள் தண்ணீர் என்று. யாருடைய வளையல் என்று தோன்றியதே இல்லை. அதற்குப் பிறகு கம்பத்தை அசைத்து அசைத்துப் பிடுங்குவார்கள். கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

“உருட்டுங்க” என்றேன். ரிக் ஆபீஸ்காரர் உருட்டினார். பதினேழு. கம்பம் வந்துவிட்டது.

“அடியில வேர் விட்டிருக்குது” என்றேன். அது என் வாயில் தானாக வந்தது. “வெரல் நீளத்துக்கு, வெள்ளையா. பதினஞ்சு நாள்ல அவ்வளவுதான் பிடிச்சிருக்குது.”

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூவரும் கம்பத்தைச் சுமந்துபோய்க் கிணற்றில் போட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதை சொல்பவர் பார்க்கக் கூடாது என்று நோட்டில் எழுதவில்லை. நான் பார்த்தேன்.

“அப்பறம் என்னங்க்கா ஆகும்?” என்றாள் மாணவி.

எத்தனை நாளாயிற்று இந்தக் கேள்வியைக் கேட்டு. “விடிஞ்சா மஞ்சத் தண்ணி. எல்லை தொறந்துருச்சு. நீங்க வண்டிய எடுக்கலாம்.”

ரிக் ஆபீஸ்காரர் வண்டியைக் கிளப்பினார். மாணவி ஏறிக்கொண்டாள். ராசிபுரத்து ஆசிரியர் மட்டும் ஏறவில்லை.

“கோயில் நடையில ஆத்தா நிக்கறாங்களாங்க, அண்ணி?”

“நிக்கறா.”

“என்ன சேலைங்க?”

“வெள்ளை.”

“மேல யாராச்சும் தண்ணி ஊத்தினாங்களாங்க?”

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் கீழ கெடக்கற ஒரு சொம்ப எடுத்து மஞ்சத் தண்ணிய மோந்துக்கறனுங்க. நேரா அவங்க கிட்ட போறேன். ஊத்தறேன்.” பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “எனக்கு முறை இருக்குதுங்க, அண்ணி.”

“உருட்டுங்க” என்றேன்.

பகடை மேசை விளிம்பு வரைக்கும் ஓடிப்போய் நின்றது. மூன்று. தண்ணீர் விழவில்லை.

என் கணவருடைய சட்டம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் மெதுவாகத் தன் தாள்களை மடிக்க ஆரம்பித்தார். நான் சிவப்பு மை இருந்த முதல் பக்கத்தைப் பார்த்தேன். நோட்டை மூடினேன். பகடையை எடுத்து ஆசிரியரின் உள்ளங்கையில் திரும்ப வைத்தேன்.

“இன்னொருக்கா உருட்டு, சாமி.”